மீன் கடித்த சாம்பிள்

தக்கை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், இராஜமாணிக்கம் தூண்டிலை வெடுக்கென்று இழுத்தார். நைலான் நரம்பு அவர் தலைக்கு மேலே பறந்து, பின்னால் இருந்த வேலிமுள்ளில் போய்ச் சிக்கியது. கல்கெரே ஏரிக்கரையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இராஜமாணிக்கம் அவனை முறைத்துவிட்டு முள்ளிலிருந்து கொக்கியைப் பிரித்தெடுத்தார்.

கொக்கியில் மீனும் இல்லை, மீன் தொட்ட அடையாளமும் இல்லை. பச்சைப் புழு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. உயிருள்ள புழு கிடையாது. வளைந்த கொக்கியின் மேல் பச்சை ரோமத்தை முறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் மெல்லிய செம்புக் கம்பியை வளைய வளையமாக இறுக்கி, தலைப்பக்கம் மயிலிறகின் இழை ஒன்றைக் கட்டி வார்னிஷ் வைத்த பொம்மைப் புழு. அதைக் கட்டியவள் அவர் மனைவி சாந்தகுமாரி. அவள் லிங்கராஜபுரத்து வீட்டில் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறாள். அவளைக் கட்டியவர் இங்கே ஏரிக்கரையில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேட்கிற யாரும் காறித் துப்பத்தான் செய்வார்கள்.

அவராகவா வந்தார்? அவள்தான் துரத்தினாள். இருதயம் கை விரித்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நேற்றெல்லாம் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவள், இன்று விடிந்ததும் தெளிவாகக் கண்ணைத் திறந்து, அந்தப் புழுவை ஏரியில் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவர் தயங்கியபோது, "நீ என் மூஞ்சியப் பாத்துட்டே உக்காந்திருந்தா நான் பொழச்சுக்கப் போறேனா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அங்கே உட்கார அவரால் முடியவில்லை.

விஷயம் இதுதான். லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் கோவிந்தப்பா என்பவர் கம்பெனி ஒன்று நடத்தினார். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்னச் சின்ன வைஸ் இடுக்கியில் கொக்கியைப் பொருத்தி, அமெரிக்காக்காரர்கள் தூண்டிலில் மாட்டுகிற பொய்ப் பூச்சிகளைக் கட்டுவார்கள். தெருவில் அதற்கு ஈக் கம்பெனி என்று பெயர். கொசு மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. சாந்தகுமாரியின் மேசைக்கு வந்தது பெரும்பாலும் இந்தப் பச்சைப் புழு. அந்த ஊர் ஆறுகளில் கேடிஸ் என்று ஒரு பூச்சி இருக்கிறதாம். அது பூச்சியாவதற்கு முன்னால் புழுவாகக் கல்லுக்கு அடியில் கிடக்குமாம். ஸ்டீல்ஹெட் என்கிற மீன் கடலுக்குப் போய்விட்டு, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும்போது அந்தப் புழுவைத் தின்னுமாம். அந்த மீன் ஆள் கை நீளம் இருக்குமாம். கம்பெனிப் பெண்கள் அதற்கு இரும்பு மண்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் பிடிவாதம் பிடிக்கிற புருஷனுக்கும் அதே பெயர்தான்.

கம்பெனியில் ஒரே சட்டம். யோசிக்கக் கூடாது, சாம்பிள் எப்படி இருக்கிறதோ அப்படியே கட்ட வேண்டும். போன வருடம் ஒரு புதுப் புழுவுக்கு சாம்பிள் வந்தது. வயிற்றுப் பக்கம் ரோமம் பிய்ந்து தொங்கியது. செம்புக் கம்பி ஒரு வளையம் தளர்ந்து கிடந்தது. சாந்தகுமாரி அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிய்ந்ததைப் பிய்ந்தபடியே, தளர்ந்ததைத் தளர்ந்தபடியே, ஒரு பெட்டி முழுக்க அச்சு அசலாகக் கட்டி முடித்தாள். பேக் செய்கிற நேரத்தில் கோவிந்தப்பா பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அமெரிக்காக்காரன் தன் சொந்த டப்பாவிலிருந்து, ஏற்கெனவே மீன் வாய்க்குள் போய் வந்த புழுவை எடுத்து அனுப்பியிருக்கிறான். மீன் பல் பட்ட காயத்தையும் சேர்த்து சாந்தகுமாரி நகல் எடுத்திருக்கிறாள்.

கம்பெனி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கோவிந்தப்பா திட்டவில்லை, நல்ல மனிதர். அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஒழுங்கான புழுக்களைக் கட்டி அனுப்பச் செய்தார். ஆனால் சாந்தகுமாரிக்கு அது உறைத்தது. எத்தனையோ வருட வேலையில் அவள் கட்டியது எதையும் யாரும் ஓரம் தள்ளியதில்லை. ஒரு பிடிப் புழுவை ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "அந்த சாம்பிள் ஒரு மீனப் புடிச்சுட்டு வந்த சாம்பிள்தான? அத மாதிரியேதான நான் கட்டினேன்? அப்ப இதுவும் புடிக்கணும்ல?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அது இன்னும் பெரிதாகிவிட்டது. தான் கட்டியது வீணா இல்லையா என்று ஒரு மீன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அதுதான், இராஜமாணிக்கத்தால் அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை. ராகி முத்தே என்கிற களி உருண்டையில் கெண்டையும் ஜிலேபி மீனுமாகப் பிடித்துக் குவித்த கை அது. இந்தப் புழுவைப் போட்டால் மட்டும் ஏரியில் மீனே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

வெயில் ஏறியதும் அவர் கொக்கியை நரம்பிலிருந்து அறுத்து, தொலைந்துவிடாமல் இருக்கச் சட்டைப் பையின் விளிம்பில் குத்திக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலில் மச்சான் வெங்கடசாமி உட்கார்ந்திருந்தார். சாந்தகுமாரிக்கு அண்ணன், அல்சூர்க்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர். எதற்கும் ஒரு முறை உண்டு, அந்த முறையைத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்கிற நம்பிக்கையில் வாழ்கிறவர். தூண்டில் கழியைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இராஜமாணிக்கத்துக்குத் தோன்றியது.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. மகள் சிந்து அம்மாவுக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தாள். சாந்தகுமாரி கண்ணாலேயே அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"கடிச்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏரியிலிருந்து வரும் வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு பொய்கூட அவளிடம் செல்லுபடியானதில்லை.

"இல்ல சாந்தா."

"இழுத்தியா?"

"தக்கை ஆடுச்சு. இழுத்தேன்."

"இதுக்கு எதுக்குய்யா தக்கை?" அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "இது ஓடற தண்ணிப் புழு. கல்லுக்கு அடியில கெடக்கும். புடி விட்டுச்சுன்னா தண்ணி போற போக்குல உருண்டுட்டே போவும். நீ நிக்கற தண்ணியில போட்டு, வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா எந்த மீன் நம்பும்?"

"இத காலைலயே சொல்றதுக்கு என்ன?"

"நீ பஸ்ஸு ஓட்டற மாதிரிதான் மீனும் புடிப்பேன்னு எனக்கு நெனப்பு வரல."

பி.டி.எஸ். சிட்டி பஸ்ஸில் அவர் டிரைவராக இருந்த காலத்தில், ஸ்டாப்பில் நின்றவர்கள் ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார் என்று சிவாஜி நகர் வரைக்கும் பேர் இருந்தது. சிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சாந்தகுமாரியும் சிரித்தாள். அது இருமலாக மாறி, இருமல் அடங்கியபோது அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நுனியில் நூல் இழுத்து இழுத்துப் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடத்தில் சொல்லாததை இப்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் சும்மா இருந்தார். அவள் தூங்கினாள். சிந்து கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது அந்தத் தூக்கத்திலேயே போயிருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு அவருடையதாக இல்லை. வெங்கடசாமி எழுந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். பந்தலுக்கு ஆள், மேளத்துக்கு ஆள், கல்பள்ளி சுடுகாட்டில் சொல்லிவைக்க ஆள். இராஜமாணிக்கத்தை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள், அவரும் உட்கார்ந்தார். மறுநாள் காலையிலும்கூடச் சட்டையை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. கம்பெனிப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். போன வருடம் சிரித்தவர்கள்தான், இன்று அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள்.

பிறந்த வீட்டுக் கோடியாக வெங்கடசாமி அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச் சேலை கொண்டுவந்திருந்தார். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அந்தச் சேலையைச் சாத்தி, தலை நிறையப் பூ வைத்தார்கள். சுமங்கலியாகப் போகிறவள் நெற்றியில் புருஷன் கையால் குங்குமம் வைக்க வேண்டும். இராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் குங்குமத்தை எடுத்துக்கொண்டு குனிந்தார். வைத்துவிட்டு நிமிரப் பார்த்தார். நிமிர முடியவில்லை.

சட்டைப் பையில் குத்தியிருந்த புழு அவள் தோளில் கிடந்த சேலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

என்ன ஆயிற்று என்று கூட்டத்துக்குப் புரியவில்லை. மனிதர் பெண்டாட்டியின் மேல் விழுந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கம்பெனியிலிருந்து வந்த சின்னத்தாயி கிட்டே வந்து பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, பச்சப்புழு," என்றாள் மெதுவாக.

"இழு மாப்ளே," என்றார் வெங்கடசாமி. "ராகு காலம் வந்துரும்."

"இழுத்தா சேலை கிழியும் மச்சான்."

கத்தரிக்கோல் கேட்டு யாரோ உள்ளே ஓடினார்கள். வேண்டாம் என்றார் இராஜமாணிக்கம். சின்னத்தாயி தானே எடுத்துத் தருவதாகச் சொன்னாள், அதற்கும் வேண்டாம் என்றார். கொக்கியில் எதிர்முள் உண்டு. வந்த வழியே இழுத்தால் கிழித்துக்கொண்டுதான் வரும். கொஞ்சம் முன்னால் தள்ளி, இழை இழையாக ஒதுக்கித்தான் எடுக்க வேண்டும். அவர் முழங்காலை ஊன்றி, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, தடித்த விரல்களால் அந்த வேலையைச் செய்தார். மஞ்சள் வாசனையும் மல்லிகை வாசனையும் அடித்தது. மேளம் நின்றுவிட்டது. கூட்டம் காத்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு எந்த அவசரமும் இல்லை. இந்தக் கொக்கி இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நேற்று ஆரம்பிக்கத் தெரியாமல் விட்டதில் கொஞ்சத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அவர் அடக்கவில்லை.

கொக்கி கடைசியில் கழன்றது. சேலை கிழியவில்லை. வெங்கடசாமி தன் துண்டால் மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கல்பள்ளிக்குப் போகும் வழியில் கோவிந்தப்பாவும் தோள் கொடுத்தார். எரிந்து முடியும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, கிளம்பும்போது இராஜமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கட்டிய அந்தப் பெட்டி இன்னும் கம்பெனியில் அப்படியே இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை என்றார். அடுத்த பார்சலில் அதிலிருந்து கொஞ்சம் சேர்த்து அனுப்புவதாகவும், அந்த ஊர் ஸ்டீல்ஹெட் என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல்லும்படி எழுதுவதாகவும் சொன்னார். அமெரிக்கா எங்கே இருக்கிறது, அந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று இராஜமாணிக்கத்துக்குத் தெரியாது. இருந்தாலும் அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் இடம் விட்டது.

மூன்றாம் நாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, சட்டியில் போட்டுத் துணி கட்டினார்கள். காவிரியில் கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வேன் பேசியிருந்தார் வெங்கடசாமி. வேனில் ஏறும்போது சிந்து அப்பாவின் பைக்குள் ஃபிலிம் ரோல் டப்பாவையும் நரம்புச் சுருளையும் போட்டாள். "ஓடற தண்ணிப்பா," என்று மட்டும் சொன்னாள்.

தை மாதத்துக் காவிரி தெளிந்து, கல்லின் மேல் சலசலவென்று ஓடியது. மொட்டைத் தலையோடு இராஜமாணிக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டியைச் சாய்த்தார். சாம்பல் கொஞ்ச தூரம் ஒரே திட்டாகப் போய், பிறகு பிரிந்து, பிறகு தண்ணீர் மட்டும்தான் இருந்தது. முங்கி எழுந்தார். ஈர வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டார். மற்றவர்கள் டிபன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் கரையோரமாகவே கீழ்ப்பக்கம் நடந்து, படித்துறையும் ஆட்களும் கண்ணுக்கு மறைந்த இடத்தில் நின்றார். தக்கை இல்லை, கழி இல்லை. நரம்பின் நுனியில் பச்சைப் புழுவைக் கட்டித் தண்ணீரில் விட்டார்.

வெங்கடசாமி தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்ளே, இன்னா காரியம் பண்ற? தீட்டு கழியல. பதினாறு வரைக்கும் மீனத் தொடலாமா?"

"திங்கறதுக்கு இல்ல மச்சான். கேக்கறதுக்கு."

"யாரக் கேக்கறதுக்கு?"

"மீனத்தான். சாந்தா கட்டின புழு சரியா இல்லையான்னு அதுதான் சொல்லணும். அவ கேட்டுட்டே போயிட்டா."

வெங்கடசாமிக்குத் தெரிந்த முறைகளில் இதற்கு இடமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். தங்கை கேட்டுவிட்டுப் போனாள் என்றதும் பாறை ஒன்றில் உட்கார்ந்தார்.

இராஜமாணிக்கம் நரம்பை விட்டார். புழு தண்ணீர் போன போக்கில் உருண்டது. அதனோடு கூடவே அவரும் நாலடி நடந்தார். ஒன்றுமில்லை. எடுத்து மறுபடி மேல்பக்கம் விட்டார். நரம்பில் கல் இடறும் ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று இழுக்கக் கை துடித்தது. துடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை. மறுபடி விட்டார்.

"அந்தக் கல்லுக்கு அந்தாண்ட உடு," என்றார் வெங்கடசாமி. "அங்க தண்ணி சுத்துது பாரு."

அங்கே விட்டார். புழு சுழலைச் சுற்றிவிட்டுக் கல்லின் நிழலுக்குள் போனது. நரம்பு நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார். பிறகு அந்தக் கல் நகர்ந்தது.

இழுக்கவில்லை. கையை மெதுவாக உயர்த்தினார். நரம்பு விறைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் தண்ணீரைக் கீறியது. வெங்கடசாமி எழுந்து நின்றுவிட்டார். பொறுமையாக, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் வாங்கி, மீனைக் கரையோரம் கொண்டுவந்தார். பெரிய மீன் ஒன்றுமில்லை, ஒரு சாண் கெண்டை. வாயோரத்தில் அந்தப் பச்சை மட்டும் துளி தெரிந்தது.

"புடிச்சிருச்சு," என்றார் வெங்கடசாமி. "கழுத, புடிச்சிருச்சு."

இராஜமாணிக்கம் தண்ணீருக்குள் இறங்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மீனைத் தாங்கிக்கொண்டு கொக்கியைக் கழற்றினார். "சரிதான் சாந்தா," என்றார், மீனைப் பார்த்துத்தான். கையைத் தளர்த்திய பிறகும் அது உடனே போகவில்லை. ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவர் உள்ளங்கையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையில் ஒன்றுமில்லை. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிந்துவிடம் போய்ச் சொல்ல வேண்டும். கோவிந்தப்பாவிடம் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு எழுதும்போது இந்த ஆற்றுச் சேதியையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

மேலே ரோட்டில் வேன்காரன் ஹார்ன் அடித்தான். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இராஜமாணிக்கம் எழுந்து நரம்பைச் சுற்றத் தொடங்கினார்.

"இரு," என்றார் வெங்கடசாமி. செருப்பைக் கழற்றிப் பாறை மேல் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். "குடு. நான் ஒரு தடவ உட்டுப் பாக்கறேன்."

இராஜமாணிக்கம் நரம்பைக் கொடுத்தார். வெங்கடசாமி முழங்கால் தண்ணீரில் நின்று, புழு போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேட்டியின் ஓரம் நனைந்து, ஆற்றின் போக்கில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது.